கரும்புகையும் கந்தகமும்: டீசல் வண்டிகளின் கதை

எஸ்.யூ.வி. என்று நாம் அழைக்கும் உயரமான வண்டிகள் இன்று நம் குடியிருப்புகளில் பெருகிவிட்டன. டீசலில் ஓடும் வண்டியை வாங்குவதா, பெட்ரோலில் ஓடும் வண்டியை வாங்குவதா என்பது பல குடும்பங்களில் எழும் வினா. இது வாங்குபவரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றே எண்ணுகிறோம். ஆனால், வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், எண்ணெய் நிலையத்து விலையும் அந்த எண்ணெயில் கலந்திருக்கும் கந்தகத்தின் அளவுமே பெரும்பாலும் நமக்காக முடிவு செய்து வந்துள்ளன என்பது புலப்படும்.

தீப்பொறி வேண்டாத இயந்திரம்

ஜெர்மானியப் பொறியாளர் ருடோல்ஃப் டீசல் 1892ஆம் ஆண்டில் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை கோரினார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றிகரமாக இயங்கியது. பெட்ரோல் இயந்திரத்திற்குத் தீப்பொறி தேவை. டீசல் இயந்திரத்திற்கோ அது தேவையில்லை. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அதனுள் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். குறைந்த எண்ணெயில் நிறைந்த இழுவிசை கிடைத்ததால் கப்பல், லோரி, பேருந்து எனப் பலவும் இதனை ஏற்றன. மேடு பள்ளங்களில் செல்லும் நான்கு சக்கர இயக்க வண்டிகளும் அவ்வழியே டீசலை நாடின.

ஆனால், ஒரு குறையும் உடன்வந்தது. எண்ணெயும் காற்றும் சீராகக் கலவாத இடத்தில் நுண்ணிய கரித்துகள் தோன்றும். மிகுந்த வெப்பத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2012இல் அறிவித்தது.

கண்ணுக்குத் தெரிந்த புகை

மலேசியாவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த 1977இல் விதிகள் வந்தன. 1996இல் டீசல் இயந்திரங்களுக்கெனத் தனி விதிமுறைகள் இயற்றப்பட்டன. புகையின் கருமை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது என்பது அவற்றின் வரம்பு. இவ்வரம்பு கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை அளந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளையும் வாயுக்களையும் அது தனித்தனியே அளக்கவில்லை.

ஐரோப்பாவில் 1992இல் யூரோ 1 எனும் தரம் தொடங்கியது. 2009இல் வந்த யூரோ 5, டீசல் மகிழுந்து ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடத்தக்க துகளை 25 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. அதனை எட்டுவதற்குப் புகைக்குழாயில் துகள் வடிகட்டியும் வினையூக்கியும் தேவைப்பட்டன. எண்ணெயில் கந்தகம் மிகுந்திருந்தால் அவை கெட்டுவிடும். ஆகவே, வண்டிக்கான விதியைக் கடுமையாக்குமுன் எண்ணெயைத் தூய்மை செய்தாக வேண்டும். விதி முந்தி எண்ணெய் பிந்தினால், புதிய வண்டியும் பழைய வண்டியைப் போலவே ஆகிவிடும்.

ஒரு நீரிணை, இரு கரைகள்

இதற்கு நம் தெபராவ் நீரிணையே நல்ல சான்று. சிங்கப்பூர் 2005ஆம் ஆண்டு இறுதியில் டீசலின் கந்தக அளவை மில்லியனில் 50 பங்காகவும், 2013 ஜூலையில் 10 பங்காகவும் குறைத்தது. அதே காலத்தில் அக்கரையில், மலேசியாவில் பரவலாக விற்கப்பட்ட யூரோ 2எம் டீசலில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2014ஆம் ஆண்டு இறுதியில் ஜொகூரில் யூரோ 5 டீசல் விற்பனைக்கு வந்தது. நாடு முழுவதும் அது கட்டாயமானதோ 2021 ஏப்ரல் முதல் நாளில்தான். ஒரே வகை இயந்திரம் பாலத்தின் இரு முனைகளிலும் இருவேறு எண்ணெயைக் குடித்து ஓடிய காலம் அது.

பின்னர் சிங்கப்பூர் விலையின் வழியாகவும் நெருக்கியது. 2017 பிப்ரவரியில் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு தீர்வை விதிக்கப்பட்டது. 2019இல் அது 20 காசானது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய டீசல் மகிழுந்துகளையும் டாக்சிகளையும் பதிவு செய்வது நிறுத்தப்பட்டது.

மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நீடித்தது. தகுதி பெற்ற டீசல் வண்டி உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. மானியக் கசிவைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசு. நோக்கம் எதுவாயினும், டீசல் மலிவானது எனும் பழைய கணக்கு ஒரே நாளில் மாறிப்போனது.

விதியை ஏய்த்த கதை

விதி இருந்தால் மட்டும் போதுமா? 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் வண்டிகளில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வெளிப்படுத்தியது. சோதனையில் தூய்மையாகவும் சாலையில் மாசுடனும் அவை ஓடின. உலகெங்கும் ஏறத்தாழ 11 மில்லியன் வண்டிகளில் அம்மென்பொருள் இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் டூவாரெக், கயேன் போன்ற எஸ்.யூ.வி. வண்டிகளின் மீதும் குற்றச்சாட்டு நீண்டது.

நாம் கருத வேண்டியவை

டீசல் வண்டி வாங்க எண்ணுவோர் தம் பயணத்தை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். துகள் வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, வண்டி சற்றுத் தொலைவு சீரான வேகத்தில் ஓட வேண்டும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். அத்தகையோருக்குப் பெட்ரோலோ கலப்பின வண்டியோ ஏற்றது. பாரம் இழுப்போருக்கும் நெடுந்தொலைவு செல்வோருக்கும் டீசலின் பயன் இன்னும் குறையவில்லை.

பழைய டீசல் வண்டி வைத்திருப்போருக்கும் கடமை உண்டு. எண்ணெயில் கந்தகம் குறைந்துவிட்டது என்பதற்காக, வடிகட்டி இல்லாத இயந்திரம் கரியைக் கக்காமல் இருந்துவிடாது. முறையான பராமரிப்பு ஒன்றே அதற்கு மருந்து. பள்ளி வாயிலில் காத்திருக்கும்போது இயந்திரத்தை அணைத்து வைப்பதற்கு எந்தச் சட்டமும் விலையேற்றமும் தேவையில்லை. குழாயிலிருந்து வெளிவரும் புகை, நம்மைவிடக் குட்டையான பிள்ளைகளின் முகத்திற்கு மிக அருகில்தான் எழுகிறது. எந்த எரிபொருள் வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்களுக்காகவும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.