உறையும் காந்தம்: ஒரு நூற்பா உரை

லாந்தனம் இருந்துழிச் சிறிதே நீக்கி
ஸ்ட்ரான்சியம் நிறைகோ டாது பெய்து
மீளவும் மீளவும் அரைத்துச் சுடினே
உறையும் காந்தம், ஒழுங்குறை யாதே.

இது, லாந்தன கோபால்ட் ஆக்சைடில் காந்த ஒழுங்கின்மையை ஆக்குமாறு உணர்த்துகின்றது. நூற்பாவுள் கோபால்ட்டும் ஆக்சிஜனும் இலவேனும், 'காந்தம்' என்றதனான் வருவித்துரைக்கப்பட்டன. லாந்தனமும் ஸ்ட்ரான்சியமும் தமக்கெனக் காந்தம் இல்லன ஆகலின்.

'சிறிதே': ஏகாரம் பிரிநிலை. நூறு இடத்துள் 18 அளவும் என்க. லாந்தனம் மூன்று மின்னேற்றமும் ஸ்ட்ரான்சியம் இரண்டும் உடையன. ஆதலின் புகும் ஒவ்வொரு ஸ்ட்ரான்சியத்திற்கும் ஒரு கோபால்ட் மும்மையினின்று நான்மைக்கு ஏறும்.

'நிறை கோடாது': எடை பிறழாமல். லாந்தன ஆக்சைடு காற்றின் ஈரத்தை உண்பது. அதனை 900 டிகிரி செல்சியசுக்குக் குறையாமற் சுட்டு, உலர்கலத்து ஆற்றி, உடனே நிறுக்க. காரைக்காலின் திருவேட்டக்குடித் தேசியத் தொழில்நுட்பக் கழகம் போலக் கடற்காற்று வீசும் இடத்துப் பயில்வோன் முதலில் மனங்கொள்ள வேண்டியன இவ்விரு சொற்களே. ஈரத்தையும் லாந்தனமென நிறுத்தால் ஸ்ட்ரான்சியத்தின் பங்கு தானே மிகும். செய்தது வேறொரு பொருளாம்.

'மீளவும் மீளவும்': அடுக்கு, பன்மை குறித்தது. அரைப்பிற் குறைந்தால், பின்னர்க் காணும் திட்டு பொருளின் இயல்போ செய்தான் சோம்பலோ அறிய வாராது.

'உறையும்', 'உறையாது': முன்னது இறுகி நிற்றல், பின்னது தங்குதல். 'யாதே' என்பதனை ஏவலெனக் கொள்ளற்க; எதிர்மறை வினைமுற்று, ஏகாரம் ஈற்றசை. மும்மைக் கோபால்ட்டும் நான்மைக் கோபால்ட்டும் அடுத்தால் ஒருமுகமாக நிற்க விழையும். ஓரினம் அடுத்தால் எதிர்முகமாக. இரு விழைவும் ஒருங்கே நிறைவேறாமையின், குளிருங்கால் ஒவ்வொரு கோபால்ட்டின் காந்தச் சுழலும் அகப்பட்ட திசையிலேயே உறையும். மூன்றுபுறமும் தமிழ்நாடு சூழப் புதுச்சேரிக்கு உரியதாய்க் கிடக்கும் காரைக்காலைப் போல, ஒருமுகத் திட்டுகள் ஆங்காங்கே கிடக்கும். 18ஐக் கடப்பின் அவை ஒன்றோடொன்று தொடுத்துப் பெருங்காந்தமாம். காந்த ஒழுங்குடைய பகுதியும் அஃதில்லாப் பகுதியும் ஒரே மாதிரியில் உடனிருத்தலைப் பிடே, சி. என். ஆர். ராவ் முதலியோர் 1975இல் மாஸ்பவர் ஆய்வால் காட்டினர்.

உறைந்தமை எவ்வாறு அறிதும் எனின், காந்தப்புலமின்றிக் குளிர்வித்து அளந்த காந்தமாக்கக் கோடும் புலத்தோடு குளிர்வித்து அளந்த கோடும் தாழ்ந்த வெப்பநிலையிற் பிரியும். மாறுபுலத்தின் அதிர்வெண் ஏற, அதில் அளந்த காந்த ஏற்புத்திறனின் உச்சியும் சற்றே மேல்வெப்பத்திற்கு நகரும். முன்னது பிற காந்தங்களுக்கும் உண்டாகலின், பின்னதே வலிய சான்று.