தான்றிக்காயும் நான்கின் மீதியும்: நளன் கதையில் கவறாட்ட முறை

நளவெண்பாவின் கலிநீங்கு காண்டத்தில் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. அயோத்தி வேந்தன் இருதுபன்னன், தமயந்தியின் இரண்டாம் சுயம்வரச் செய்தி கேட்டு விதர்ப்ப நாட்டிற்கு விரைகின்றான். அவனுடைய தேரைச் செலுத்துபவன் உருமாறி வாழும் நளன். வழியில் தான்றிமரம் ஒன்று எதிர்ப்படுகின்றது. அம்மரத்தின் காய்களை எண்ணிப் பாராமலே, இத்தனை என்று வேந்தன் கூறுகின்றான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கின்றான். கணக்குச் சரியாக உள்ளது. தேர்க்கலையைக் கொடுத்து அக்கணக்குக் கலையை நளன் பெற்றதும், அவனைப் பற்றியிருந்த கலி நீங்குகின்றது.

இக்காட்சியை விளக்கும்போது வேந்தனின் கணித வல்லமையை வியந்து மேற்செல்வதே நம் வகுப்பறை வழக்கம். ஆயினும் கூர்மையான மாணவர் ஒருவர் இரண்டு வினாக்களை எழுப்பக்கூடும். சூதில் தோற்று நாடிழந்தவனுக்கு மரத்துக் காய்களை எண்ணும் கலை எதற்கு? காட்டில் எத்தனையோ மரங்கள் இருக்க, தான்றி மரம் ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அவ்விடை, கதை உருவான காலத்தில் கவறு எவ்வாறு ஆடப்பட்டது என்பதில் அடங்கியுள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவறாட்டம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது, புள்ளியிட்ட பகடைகளை உருட்டி, விழும் எண்ணுக்கேற்பக் கட்டத்தில் காய் நகர்த்தும் ஆட்டமாகும். தாயம் ஆடிய பழக்கம் இதற்கு ஒரு காரணம். 1988 முதல் ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் மகாபாரதத் தொலைக்காட்சித் தொடரும் இப்படிமத்தை உறுதிப்படுத்தியது. எண் பொறித்த கனசதுரப் பகடைகள் மொகஞ்சதாரோ, அரப்பா அகழாய்வுகளில் கிடைத்துள்ளமையால் அவற்றின் தொன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் வேதகால நூல்கள் பேசும் கவறு வேறு.

தான்றியும் குவியலும்

வேத நூல்களில் கவறாகப் பயன்பட்டது விபீதகம், அதாவது தான்றியின் கொட்டை. கடுக்காய், நெல்லிக்காய் ஆகியவற்றோடு சேர்ந்து திரிபலைச் சூரணத்தில் இடம்பெறும் அதே தான்றிதான். ஏறத்தாழ உருண்டையான இக்கொட்டையில் எண் பொறிப்பதற்கேற்ற தட்டையான முகங்கள் இல்லை. அவ்வாறாயின் அதனை உருட்டி எந்த எண்ணைப் பெறுவது?

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள 34ஆம் சூக்தம் சூதாடியின் புலம்பலாக அமைந்தது. அதில் கவறுகள் ஒரு கூட்டமாகப் பேசப்படுகின்றன. அக்கூட்டத்தின் அளவைக் குறிக்கும் தொடரை மூன்று ஐம்பது, அதாவது 150 எனப் பொருள்கொள்வோர் பலர். ஆபத்தம்ப தர்மசூத்திரம் அரசனுக்கு விதிக்கும் கடமைகளுள் ஒன்றும் இங்கு நோக்கத்தக்கது. அவையின் நடுவே மேடான ஆடுகளம் அமைத்து, நீர் தெளித்து, தான்றியாலான கவறுகளை இரட்டைப்படையில் வேண்டிய அளவு பரப்புதல் வேண்டும் என்கின்றது அந்நூல். இரண்டு, மூன்று பகடைகள் கொண்டு ஆடும் ஆட்டத்திற்கு இத்தகைய விதி தேவைப்படாது. இங்குக் கவறு என்பது ஒரு பொதுக் குவியல்.

செருமானிய அறிஞர் ஐன்ரிச் லூடர்ஸ் 1907இல் பண்டைய இந்தியக் கவறாட்டம் குறித்து எழுதிய ஆய்வு இத்துறையின் தொடக்கம் எனலாம். ஹாரி பால்க் 1986இல் வெளியிட்ட நூல் அதனை விரிவாக மறு ஆய்வு செய்தது. யார் முதலில் எடுத்தார், ஒருவர் இட்டதன்மேல் மற்றவர் சேர்த்தாரா என்பன போன்றவற்றில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆட்டத்தின் அடிப்படை பற்றிப் பெரிதும் உடன்பாடே காணப்படுகின்றது. குவியலிலிருந்து ஒரு பகுதி பிரிக்கப்படும். அது நான்கு நான்காக எண்ணப்படும். மீதியின்றி முடிந்தால் கிருதம். அதுவே முழு வெற்றி. மூன்று எஞ்சினால் திரேதம், இரண்டு எஞ்சினால் துவாபரம், ஒன்று எஞ்சினால் கலி. கலி வந்தவன் தோற்றான்.

இந்நான்கு பெயர்களும் நமக்கு யுகங்களின் பெயர்களாகவே அறிமுகமானவை. பஞ்சாங்கங்களில் கிருதயுகம் 17,28,000 ஆண்டுகள், திரேதாயுகம் 12,96,000, துவாபரயுகம் 8,64,000, கலியுகம் 4,32,000 எனக் காண்கின்றோம். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விகிதம் இது. ஆடுகளத்து எண்களே காலக்கணக்கில் அமர்ந்துள்ளன. சாந்தோக்கிய உபநிடதத்திலும் ரைக்குவரின் பெருமையைக் கூற இவ்வாட்டமே உவமையாகின்றது: வென்ற கிருதத்தைத் தாழ்ந்த எறிகள் அனைத்தும் சென்றடைவதுபோல, மக்கள் செய்யும் நன்மையெல்லாம் அவரைச் சென்றடைகின்றது என்று அது கூறுகின்றது.

இன்றைய பலகை விளையாட்டுகளில் ஒரு வகை, இம்முறையைப் புரிந்துகொள்ள ஓரளவு துணைபுரியும். 2017இல் வெளிவந்த சக்ராடா என்னும் ஆட்டத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஆடுவோர் தொகையின் இருமடங்கோடு ஒன்று கூட்டிய அளவில் வண்ணப் பகடைகள் உருட்டப்படும். நால்வர் எனில் ஒன்பது. ஒவ்வொருவரும் முறைவைத்து இரண்டினைத் தேர்ந்தெடுத்துத் தம் பலகையில் பொருத்துவர். ஒன்று மட்டும் எஞ்சும். வேதகால ஆட்டத்திற்கும் இதற்கும் வரலாற்று உறவு ஏதுமில்லை. பொதுவில் கிடக்கும் கவறுகளிலிருந்து எதை எடுப்பது என்பதில் ஆடுவோரின் திறன் வெளிப்படும் என்பதே ஒப்புமை. உருட்டும் ஆட்டத்தில் கை எறிந்தபின் கண்ணுக்கு வேலையில்லை. எடுக்கும் ஆட்டத்தில் கண்ணே முதன்மையானது.

கலி என்னும் மீதி

இம்முறையை மனத்திற்கொண்டு மகாபாரத வனபருவத்திலுள்ள நளன் கதையை மீண்டும் படித்தால், புதிராக இருந்தவை ஒழுங்காக அமைகின்றன. நளனைக் கெடுக்க வருவோர் இருவர். கலி நளனுள் புகுகின்றான். துவாபரனோ கவறுகளுக்குள் புகுகின்றான். ஒன்றும் இரண்டும், அதாவது ஆட்டத்தின் தாழ்ந்த இரு மீதிகளே, ஆள்வடிவு கொண்டு வந்துள்ளன. யுகத் தெய்வம் என்று மட்டும் கலியை விளக்குவோமாயின் கதையின் பாதி மறைந்துவிடுகின்றது.

வடமொழிப் பாரதத்தில் வேந்தன் தன்னைப் பற்றிக் கூறுமிடத்தில், கவற்றின் உள்ளத்தை அறிந்தவன் என்றும் எண்ணுவதில் வல்லவன் என்றும் இரண்டையும் ஒருசேரக் கூறுகின்றான். அட்சஹிருதயம் என்பது அக்கலையின் பெயர். இவை இரு வேறு திறன்கள் போலத் தோன்றும். நான்கின் மீதியே வெற்றியை முடிவுசெய்யும் ஆட்டத்தில் இவை ஒன்றே. குவியலைக் கண்ட கணத்தில் அதன் தொகையை அறிபவன், எத்தனை எடுத்தால் மீதி நில்லாது என்பதையும் அறிவான். அறியாதவனுக்கு முழுவெற்றி வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றே. நளன் தோற்றதற்கும் பின்னர் ஒரே ஆட்டத்தில் அனைத்தையும் மீட்டதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

மரம் ஏன் தான்றி என்பதும் இப்போது தெளிவு. கவறுகள் காய்த்துத் தொங்கும் மரத்தையே வேந்தன் எண்ணிக் காட்டுகின்றான். நளனை விட்டு நீங்கும் கலியும் அத்தான்றி மரத்திற்குள்ளேயே புகுகின்றான். மீதியாகிய ஒன்று தன் பிறப்பிடத்திற்கே திரும்புகின்றது. கதையைக் கேட்டு முடித்த தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் இதே கலையைக் கற்பிப்பதும், அவன் பின்னர் விராடன் அவையில் கங்கன் என்னும் கவறாட்ட வல்லுநனாக அமர்வதும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கவை.

மெய்யியலறிஞர் இயன் ஹாக்கிங், நிகழ்தகவுக் கருத்தின் தோற்றம் பற்றிய 1975ஆம் ஆண்டு நூலில் இக்காட்சியைக் குறிப்பிட்டுள்ளார். கிளைகளைக் கொண்டு முழு மரத்தை மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பாக அவர் அதனைக் காண்கின்றார். அது ஏற்புடையதே. ஆயினும் ஏறத்தாழ என்னும் மதிப்பீடு இவ்வாட்டத்தில் பயன்படாது. ஒரு காய் பிழைத்தாலும் கிருதம் கலியாகிவிடும். வடமொழிப் பாரதம் இரு கிளைகளின் கனிகளை 2,095 எனத் துல்லியமாகக் கூறுவது இதனால்தான் எனக் கருதுகின்றேன்.

நளவெண்பாவில் இவ்வெண் பத்தாயிரம் கோடியாக மாறியுள்ளது. துல்லியம் போய்ப் பெருமை வந்துள்ளது. இதனைப் புகழேந்தியின் குறையாகக் கொள்ளுதல் தகாது. அவர்தம் காலத்துத் தமிழ் அவையோர் அறிந்திருந்தது வேறு ஆட்டம். தொல்காப்பியம் வல் என்னும் சொல்லின் புணர்ச்சியைக் கூறுமிடத்தில் நாய், பலகை என்னும் சொற்களைச் சேர்த்துப் பேசுகின்றது. நாய் என்பது ஆட்டக் காய். ஆகவே பலகையில் காய் வைத்தாடும் முறை தமிழில் மிகப் பழையது. திருக்குறளின் சூது அதிகாரத்தில் வரும் உருளாயம் என்னும் சொல்லும் உருளும் கவற்றையே சுட்டுகின்றது. அவ்வதிகாரம் கவற்றோடும் ஆடுமிடத்தோடும் கையையும் சேர்த்துக் கூறுவதிலிருந்து, அங்குத் திறன் கைக்கு உரியதாய் இருந்தது எனலாம். தான்றிக் குவியலைக் கண்டறியாத அவையில் 2,095 என்னும் எண்ணுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? கதை வந்து சேர்ந்தது. ஆட்டம் வந்து சேரவில்லை.

இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாடத்திற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி மாணவரை ஆடச் செய்யலாம். தான்றிக்கொட்டை தேவையில்லை, புளியங்கொட்டை போதும், நம் பள்ளி வளாகங்களில் உதிரும் சாகா விதைகள் இன்னும் நன்று. நூற்றைம்பது விதைகளைக் குவித்து, ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளி, நான்கு நான்காகப் பிரித்து மீதியைப் பார்க்கட்டும். அடுத்த சுற்றில் அள்ளிய விதைகளைத் தரையில் பரப்பி, மூன்று எண்ணும் நேரத்திற்குள் எத்தனை விதைகளை நீக்கினால் மீதி வராது என்று கூறச் சொல்ல வேண்டும். விதைகள் பத்தைத் தாண்டியதும் தடுமாற்றம் தொடங்கும். அப்போது நளவெண்பாவைத் திறக்கலாம்.