காவல்காரன் ஆன கணக்குப்பிள்ளை

வீட்டு ரவுட்டருக்குள் இருக்கும் ‘நாட்’ என்ற முகவரி மாற்றி, பஞ்சத்தில் பிறந்த பிள்ளை. இணைய நெறிமுறையான ஐபியின் நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். அவை போதாது என்று தெரிந்துபோன நேரத்தில், 1994 மே மாதம், கெல் ஏகவாங், பால் பிரான்சிஸ் இருவரும் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணத்தில் ஒட்டுப்போடும் யோசனை ஒன்றைச் சொன்னார்கள். உள்ளே புழங்க ஒரு முகவரி, வெளியே போக வேறொன்று. நிரந்தரத் தீர்வு வரும்வரைக்கும் என்றுதான் பேச்சு. பாதுகாப்புக்கான வழிகளை இது குறைக்கும் என்று அதே ஆவணம் எச்சரித்தது என்பதுதான் வேடிக்கை!

பிறகு நாட், ஒரே முகவரிக்குள் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் மாற்றக் கற்றது. இன்று உங்கள் கைப்பேசி 192.168.1.5 என்ற உள்வீட்டு முகவரியிலிருந்து ஒரு தரவுப் பாக்கெட்டை அனுப்பினால், நாட் அந்த முகவரியை அழித்து வீட்டின் பொது முகவரியை எழுதுகிறது. எந்த போர்ட் யாருடையது என்று பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். பதிவே இல்லாத பாக்கெட் வந்தால், யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கீழே போட்டுவிடும்.

இந்தத் தெரியாமைதான் அதற்குக் காவல்காரன் என்ற பெயரை வாங்கித் தந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு, யாரும் எதையும் சொடுக்காமலே விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்தது. ரவுட்டருக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கணினிகளை அதனால் வெளியிலிருந்து நேரே எட்ட முடியவில்லை.

பெயர் வந்ததே தவிர, குணம் மாறவில்லை. எதை விடுவது, எதைத் தடுப்பது என்று விதி வைத்துப் பார்ப்பது ஃபயர்வாலின் வேலை. நாட்டுக்குத் தெரிந்தது வரவு செலவு மட்டுமே. போலி இணைப்பை நாமே சொடுக்கினால், வந்து இறங்கும் வைரஸுக்கும் மரியாதையாக வழிகாட்டும். யூபிஎன்பி என்ற தானியங்கி வசதி ரவுட்டரில் இயங்கினால், உள்ளிருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் வெளியாருக்கு போர்ட்டைத் திறந்துவிடும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்துகிடந்த கேமராக்களை மட்டுமல்ல, ரவுட்டர்களையே வளைத்துப்போட்டது.

அதற்கு முன்பே, 2011 பிப்ரவரியில், நான்காம் பதிப்பின் உலகளாவிய முகவரிக் கையிருப்பு தீர்ந்தது. ‘தற்காலிக’ நாட் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் கூடத்துக்கும் ஏறி, பல வீடுகளை ஒரே பொது முகவரியில் அடைத்தது. ஐபி ஆறாம் பதிப்பிலோ ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி கிடைக்கும். கணக்குப்பிள்ளைக்கு வேலை இல்லை. அங்கே வாசலில் நிற்பது ஃபயர்வால் மட்டும்தான். அது இயங்குகிறதா என்று ரவுட்டர் அமைப்பில் இன்றே பாருங்கள். யூபிஎன்பியை அணைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.