யூகான் பனியில் ரெண்டு சைக்கிள், ரெண்டு ஜோடி சாக்ஸ்

இன்னைக்கு எபிசோட் கால்களைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, கால் விரல்களைப் பத்தி.

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். மைனஸ் 30 டிகிரியில சைக்கிள் ஓட்டுறீங்க. இல்லன்னா பனி உருகுற ஜீரோ டிகிரியில ஓட்டுறீங்க. எதுல உங்க கால் விரல்களுக்கு ஆபத்து அதிகம்? "இதென்ன கேள்வி, மைனஸ் 30 தான்"னு சொல்லத் தோணும். அவ்வளவு சுலபமான பதில் இல்ல. 1900-ம் வருஷம் ஒரு இளைஞர் ஒரே பயணத்துல இந்த ரெண்டையும் பார்த்தார். அவர் பேர் மேக்ஸ் ஹிர்ஷ்பெர்க்.

இடம், கனடாவோட யூகான் பகுதியில இருக்கிற டாசன் நகரம். தங்கம் தேடி ஆயிரக்கணக்கான பேர் வந்து குவிஞ்ச ஊர். ஆனா 1899-ல அலாஸ்காவோட மேற்குக் கரையில, நோம்ங்கிற இடத்துல, கடற்கரை மணலையே சலிச்சா தங்கம் கிடைக்குதுன்னு செய்தி வருது. உடனே டாசன்ல பாதி ஊர் மூட்டை கட்டுது. நடுவுல கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர். ரோடு கிடையாது, ரயில் கிடையாது. குளிர்காலத்துல உறைஞ்சு கிடக்கிற யூகான் ஆறுதான் ரோடு. வசதி இருக்கிறவங்க நாய் பூட்டின ஸ்லெட்ஜ்ல போவாங்க. ஆனா நல்ல நாய்க்கு விலை அதிகம், வழியெல்லாம் தீனியும் போடணும். சைக்கிளுக்குத் தீனி வேண்டாமே!

இப்படி யோசிச்ச எட் ஜெஸன்ங்கிறவர் 1900 பிப்ரவரி 22 அன்னைக்கு டாசன்ல இருந்து கிளம்பினார். ஸ்லெட்ஜ் ஓடி ஓடி இறுகிப்போன ஒல்லியான தடத்துல சைக்கிள் டயரை நிறுத்தி ஓட்டணும், அதுல இருந்து விலகினா மெத்துன்னு பனிக்குள்ள விழணும். ஒரு நாள் மைனஸ் 44. டயர் கட்டை மாதிரி ஆயிடுச்சு, பேரிங்ல இருந்த எண்ணெய் உறைஞ்சு போச்சு. மூக்கு மரத்துப்போகுது, ஆனா தேய்ச்சுவிட ஒரு கையை எடுக்க முடியல. ஏன்னா மனுஷன் அப்பதான் சைக்கிளே கத்துக்கிட்டிருந்தார், ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருந்தாகணும். வழியில அவரைப் பார்த்த பூர்வகுடி மக்கள், உட்கார்ந்துக்கிட்டே இவ்வளவு வேகமா நடக்கிறானே இந்த ஆள்னு ஆச்சரியப்பட்டாங்களாம். சுமார் அஞ்சு வாரத்துல நோம் போய்ச் சேர்ந்துட்டார்.

ஹிர்ஷ்பெர்க் அவருக்கும் முன்னாடியே, ஜனவரியிலேயே கிளம்ப வேண்டியவர். அவரைத் தடுத்தது எது தெரியுமா? கால்தான். தங்கியிருந்த இடத்துல தீ, அணைக்க ஓடினப்போ துருப்பிடிச்ச ஆணி காலில் ஏறி, விஷம் ரத்தத்துல பரவி வாரக்கணக்கா படுக்கை. மார்ச் 2 அன்னைக்குத்தான் புறப்பட்டார். அன்னைக்கு மைனஸ் 34 டிகிரி.

பிற்காலத்துல அவர் எழுதி வெச்ச நினைவுக்குறிப்புல, அன்னைக்கு என்னென்ன போட்டிருந்தார்னு பட்டியலே இருக்கு. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது கால் பகுதி: தடிமனான ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ், அதுக்கு மேல கணுக்காலைத் தாண்டி உயரமான ஃபெல்ட் ஷூ. சீட்டுக்குப் பின்னாடி கட்டின கேன்வாஸ் பையில மாத்து சாக்ஸ். ஃபெல்ட்னா கம்பளியை அழுத்தி அழுத்திச் செய்யற கெட்டித் துணி. தண்ணி பட்டா உறிஞ்சிக்கும். அப்புறம் எதுக்கு அதைப் போய் போட்டார்?

ஏன்னா மைனஸ் 34-ல தண்ணியே இல்ல! பனி மணல் மாதிரி உலர்ந்து கிடக்கும், தட்டினா உதிர்ந்துடும். அந்தக் குளிர்ல வெளியில இருந்து ஈரம் வராது. ஈரம் வர்றது உள்ள இருந்து, அதாவது வியர்வை. பாதம் குளிர்லயும் வியர்க்கும். ஃபெல்ட்டும் கம்பளியும் அந்த ஈரத்தைத் தோல்ல இருந்து இழுத்து வெளிப்பக்கம் தள்ளும், ராத்திரி அடுப்புக்குப் பக்கத்துல வெச்சா காலையில காய்ஞ்சிருக்கும். யூகான் ஆறு கடல்ல கலக்கிற பகுதியில வாழற யூபிக் மக்கள் இதைப் பல தலைமுறையா தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. தோல் பூட்ஸுக்குள்ள காய்ஞ்ச புல்லை வைப்பாங்க, புல்லாலேயே சாக்ஸ் பின்னுவாங்க. புல் ஈரத்தை வாங்கிக்கும், காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். நனைஞ்சா எடுத்துக் காயப்போட்டுட்டு வேற புல்.

சைக்கிள்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. நடக்கும்போது பாதம் வளையுது, விரல் வேலை செய்யுது, ரத்தம் ஓடுது. பெடல் மிதிக்கும்போது தொடைதான் உழைக்கும், பாதம் பலகை மாதிரி சும்மா இருக்கும், அதுவும் எதிர்க்காத்துல. ஊட்டியில டிசம்பர் விடிகாலையில சைக்கிள் எடுத்தவங்களுக்கு இது புரியும்: உடம்பு வியர்த்து வழியும், கட்டைவிரல் மட்டும் எங்க போச்சுன்னே தெரியாது.

சரி, ஹிர்ஷ்பெர்க்குக்கு வருவோம். மார்ச் போச்சு, ஏப்ரல் போச்சு, வெயில் ஏறுது. நமக்கு நிம்மதியா இருக்கும், அவருக்கு அதுதான் கெட்ட நேரம். ஐஸ் மேல தண்ணி நிக்க ஆரம்பிக்குது, ஃபெல்ட் ஷூ இப்போ ஸ்பாஞ்ச். ஷாக்டூலிக் ஆத்துல விழுந்து கிட்டத்தட்ட மூழ்கியே போனார். உயிர் தப்பிச்சது, ஆனா 1,500 டாலர் மதிப்புள்ள தங்கத்தூள் பை ஆத்தோட போயிடுச்சு. நோம் நெருங்கும்போது சைக்கிள் செயின் அறுந்தது. விடல மனுஷன். போட்டிருந்த கனமான கோட்டைக் கழட்டி, பாய்மரம் மாதிரி முதுகுப்பக்கம் விரிச்சுக் கட்டி, காத்தே தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி பண்ணி, மே 19 அன்னைக்கு நோம் போய்ச் சேர்ந்தார்.

அவர் கடைசி வாரங்கள்ல பார்த்த அந்த ஜீரோ டிகிரி ஈரம் என்ன செய்யும்னு உலகத்துக்குப் புரிஞ்சது இன்னொரு 14 வருஷம் கழிச்சு, பிரான்ஸ், பெல்ஜியம் பதுங்குகுழிகள்ல. 1914-15 குளிர்காலத்துல பிரிட்டிஷ் படையில மட்டும் சுமார் 20,000 பேர் கால் பாதிச்சு விழுந்தாங்க. அங்க பெரும்பாலும் உறையற குளிர்கூட இல்ல. முழங்கால் சேறு, நாள்கணக்கா ஈர சாக்ஸ், அசையாம நிக்கிறது, காலைச் சுத்தி இறுக்கின துணிப்பட்டை. தண்ணி, காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டைக் கடத்தும். உடம்பு சூட்டைக் காப்பாத்த பாதத்துக்குப் போற ரத்தத்தைக் குறைக்குது. அது நாள்கணக்கா நீடிச்சா தசை அழுக ஆரம்பிக்குது. அந்தக் குளிர்காலத்துல அங்க இருந்த இந்தியப் படையினரும் இதுல மாட்டினாங்க.

ராணுவம் ரப்பர் பூட்ஸ் கொடுத்துச்சு. எடின்பரோல இருந்த நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி மட்டும் போர் முடியறதுக்குள்ள 11 லட்சம் ஜோடிக்கு மேல செஞ்சது. ஆனா நிஜமா எண்ணிக்கையைக் குறைச்சதுல பெரிய பங்கு ரொம்ப சாதாரணமான ஒரு பழக்கத்துக்குத்தான். தினமும் சாக்ஸ் மாத்தணும், காலைத் துடைச்சு திமிங்கல எண்ணெய் தேய்க்கணும், அதை அதிகாரி குனிஞ்சு பார்க்கணும். சில இடங்கள்ல ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்து, ஒருத்தர் காலுக்கு இன்னொருத்தர் பொறுப்புன்னு விட்டாங்க. போர் வரலாற்றுப் புத்தகங்கள் துப்பாக்கிக்குக் கொடுக்கிற பக்கங்கள்ல ஒரு பங்கை இதுக்குக் கொடுத்திருக்கலாம்.

ரப்பரோட பிரச்சினை என்னன்னா, தண்ணியை உள்ள விடாது, வியர்வையை வெளிய விடாது. 1950 டிசம்பர், கொரியாவுல சோசின் நீர்த்தேக்கம். அமெரிக்க வீரர்கள் காலில் அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல்னு ஒரு பூட்ஸ். நடக்கும்போது உள்ள வியர்த்துக் கொட்டுச்சு. நின்ன உடனே அந்த வியர்வை பூட்ஸுக்குள்ளேயே உறைஞ்சது. பல பேர் விரல்களை இழந்தாங்க.

அதுக்கு அப்புறம் வந்த தீர்வு கொஞ்சம் வேடிக்கையானது. வியர்வையை வெளியேத்தவே வேண்டாம்! ரெண்டு ரப்பர் அடுக்கு, நடுவுல கம்பளியை வெச்சு முழுசா சீல் பண்ணிட்டாங்க. சாக்ஸ் நனையும், ஆனா நடுவுல இருக்கிற கம்பளிக்கு ஒரு சொட்டு ஈரம் போகாது, அதனால சூடு போகாது. வெந்நீர் ஃபிளாஸ்குக்குள்ள காலை விட்ட மாதிரி. உருண்டையா, கறுப்பா இருந்ததால வீரர்கள் வெச்ச பேர் மிக்கி மவுஸ் பூட்ஸ். இன்னும் கடுங்குளிருக்கு வந்த வெள்ளை நிற வகைக்கு பன்னி பூட்ஸ். விமானத்துல போகும்போது உள்ள இருக்கிற காத்து உப்பாம இருக்க, பக்கவாட்டுல ஒரு குட்டி வால்வுகூட உண்டு.

இந்த பன்னி பூட்ஸ் அலாஸ்கா மக்களுக்கு ரொம்பப் பழக்கமாயிடுச்சு, சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும்தான். 1987-ல அங்க இடிட்டாபைக்னு ஒரு சைக்கிள் பந்தயம் ஆரம்பிச்சது, நாய் ஸ்லெட்ஜ் தடத்துல சுமார் 320 கிலோமீட்டர். பிற்பாடு அந்தத் தடத்துலயே நோம் வரைக்கும் ஓட்டுற பந்தயமும் வந்துச்சு. இப்படிப்பட்ட பந்தயங்கள்ல பலர் செய்யறதைப் பாருங்க: மெல்லிய சாக்ஸ், அதுக்கு மேல பிளாஸ்டிக் பை, அதுக்கு மேல தடிமனான சாக்ஸ். விரல் அசையணும்னு ஒண்ணு ரெண்டு சைஸ் பெரிய பூட்ஸ். ஷூவோட பூட்டிக்கிற இரும்பு பெடல் சூட்டை இழுக்கும்னு தட்டையான பெடல். அப்புறம் விரல் மரத்துப்போற மாதிரி இருந்தா, இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கிட்டே கொஞ்ச தூரம் நடப்பாங்க.