'கோர்ட்டே சொல்லிடுச்சு'ன்னு ஃபார்வர்டு வருதா? அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கான்னு நீங்களே தேடலாம்!

உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்க. 'சொத்து வழக்கில் அதிரடித் தீர்ப்பு' என்று ஒரு பேப்பர் கட்டிங்காவது இருக்கும். தேதி இருக்காது, எந்த கோர்ட் என்றும் தெரியாது. ஆனால், வீட்டில் பங்கு பிரிக்கும் பேச்சு வந்தால் அந்தக் கட்டிங்தான் சாட்சி.

என் தோழி வீட்டில் அப்படித்தான் ஆச்சு. அவள் தாத்தா 2001-ல் இறந்துட்டார். பூர்வீக நிலம் இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கு. தோழியின் அம்மாவுக்கு 1986-லேயே கல்யாணம் முடிஞ்சிடுச்சு. நிலத்தை விற்கலாம் என்று பேச்சு வந்ததும், மாமா ஒரு செய்தியை அனுப்பினார். "அக்கா, அப்பா 2005-க்கு முன்னாடியே போயிட்டாரு. அதனால உனக்குச் சரிபங்கு வராதாம், அப்பாவோட பங்குல ஒரு துண்டுதான். கோர்ட்டே சொல்லிடுச்சு பாரு."

நானும் தோழியும் அதைப் பொய்ச் செய்தின்னுதான் நினைச்சோம். தேடிப் பார்த்தால், செய்தி நிஜம். சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொல்லியிருந்தது, 2015-ல்!

அதுக்கப்புறம் என்ன ஆச்சு என்பதைத் தெரிஞ்சுக்கத்தான் ஒரு சட்டக் கல்லூரி நூலகத்துக்குப் போனோம். எஸ்சிசி ஆன்லைன், மனுபாத்ரா மாதிரியான சட்டத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டணும். தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. சட்டக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூலகமே சந்தா கட்டி வெச்சிருக்கும். பெரும்பாலும் அந்த வளாகத்து இன்டர்நெட்டில் மட்டும்தான் திறக்கும். வெளியாட்களை எல்லா இடத்திலும் விடமாட்டாங்க. என்ன தேடுறீங்கன்னு ஒரு கடிதம் எழுதி நூலகரிடம் முன்கூட்டியே கேட்டுட்டுப் போறது நல்லது.

உட்கார்ந்ததும் நாங்க செஞ்ச முதல் தப்பு, கூகுளில் கேட்கிற மாதிரி முழுக் கேள்வியையும் ஆங்கிலத்தில் அடிச்சது. 'அப்பா சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா?' பக்கம் பக்கமா தீர்ப்புகள் கொட்டுச்சு. பின்னாடி நின்ன நூலகர் சிரிச்சுட்டார். "கேள்வியா அடிக்காதீங்கம்மா. அந்தத் தீர்ப்பை எழுதின ஜட்ஜ் என்ன வார்த்தை போட்டிருப்பாருன்னு யோசிச்சு அதை அடிங்க."

நான் அன்னிக்குக் கத்துக்கிட்டதில் இதுதான் உருப்படியான பாடம். நாம 'பங்கு' என்போம். தீர்ப்பில் 'கோபார்சனர்' என்று இருக்கும், அதாவது கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உள்ளவர். நாம 'வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றார்' என்போம், தீர்ப்பில் 'எவிக்‌ஷன்' இருக்கும். அந்த வார்த்தை தெரியலைன்னா, அதே விஷயத்தைப் பற்றி நிதானமா எழுதின ஒரு செய்தியை முதலில் படிங்க. சட்ட வார்த்தையும், பெரும்பாலும் வழக்கின் பெயரும் அதிலேயே இருக்கும்.

வார்த்தை கிடைச்சதும் வலையைச் சுருக்கணும். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுங்க. 'டாட்டர்', 'கோபார்சனர்' இரண்டும் கட்டாயம் இருக்கணும்னா நடுவில் 'ஆண்ட்'. இரண்டில் ஏதாவது ஒண்ணு போதும்னா 'ஆர்'. கோர்ட்டையும் வருஷத்தையும் ஓரத்தில் இருக்கிற வடிகட்டியில் தேர்ந்தெடுக்கலாம். 'டாட்டர்', 'கோபார்சனர்', சுப்ரீம் கோர்ட், 2015-லிருந்து 2020 வரை என்று கொடுத்ததும் எங்களுக்குப் பட்டியல் கைக்கு அடங்கிடுச்சு. பெயரை வெச்சுத் தேடுறப்போ மட்டும் ஸ்பெல்லிங்கில் உஷாரா இருங்க. நம்ம ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க. 'லட்சுமி'க்கே நாலு வகை தேறும்.

தேதி வரிசையில் அடுக்கியதும் கதை தெளிவாச்சு. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குச் சமபங்கு கொடுத்துச் சட்டத்தைத் திருத்தினாங்க. ஆனால், 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணமானவங்களுக்கு அது கிடையாது. தோழியின் அம்மா அங்கேயே தவறிட்டாங்க. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம், கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க என்ற பாகுபாடு இல்லாமல் மகளையும் கோபார்சனர் ஆக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோட இருக்கணுமா என்பதில்தான் குழப்பம். 'பிரகாஷ் எதிர் புலாவதி' வழக்கில் இரண்டு நீதிபதிகள் 2015 அக்டோபரில் 'இருக்கணும்' என்றாங்க. மாமா அனுப்பியது இதைத்தான்! 2018 பிப்ரவரியில் 'தனம்மா எதிர் அமர்' வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், அப்பா 2001-ல் இறந்த ஒரு குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தாங்க. ஒரே கோர்ட், ஒரே சட்டம், இரண்டு பதில்.

கடைசியில் 2020 ஆகஸ்ட் 11-ல் 'வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா' வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது, அதனால் 2005-ல் அப்பா உயிரோட இருக்கவேண்டிய அவசியமில்லை. 2015 தீர்ப்பு செல்லாது.

ஒரு தீர்ப்பைக் கண்டுபிடிச்சதோட நிறுத்திட்டா, மாமா நின்ன இடத்தில்தான் நாமளும் நிற்போம். அது இன்னிக்கும் செல்லுமா என்று பார்க்கணும். சந்தாத் தளங்களில் பின்னாடி ரத்தான தீர்ப்புக்குப் பக்கத்திலேயே குறிப்பு போட்டிருப்பாங்க. இது கம்ப்யூட்டர் காலத்து யோசனை இல்லை. சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873-லேயே, எந்தத் தீர்ப்பை எது மேற்கோள் காட்டியது, எது மாற்றியது என்ற விவரங்களைப் பசைத்தாளில் அச்சடிச்சு, வக்கீல்கள் தங்கள் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ள விற்றிருக்கிறார். வெளிநாட்டில் படிக்கிற உங்க நண்பர்கள் நூலகத்தில் பயன்படுத்துற லெக்சிஸ் தளத்தில் 'ஷெப்பர்ட்ஸ்' என்று இன்னமும் அவர் பெயரிலேயே அந்த வசதி இருக்கு. அவங்க கையில் 'நெக்சிஸ் யூனி' இருந்தால், செய்தித்தாள்களும் தீர்ப்புகளும் ஒரே பெட்டியில் தேடக் கிடைக்கும். கொஞ்சம் பொறாமைதான்.

நமக்கு இலவச வழியும் இருக்கு, போனிலேயே! 2008-ல் தொடங்கிய 'இந்தியன் கானூன்' தளத்தில் சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட் தீர்ப்புகளை முழுசா படிக்கலாம். அங்கே ஒரு விசித்திரம் உண்டு. 'ஆண்ட்' என்பதைப் பெரிய எழுத்தில், கடைசி 'டி'யை இரண்டு முறை போட்டு அடிக்கணும். 'ஆர்', 'நாட்' இரண்டுக்கும் அதேபோலக் கடைசி எழுத்து இரட்டிப்பு. அது தெரியாமல் 'இந்தத் தளம் வேலைக்காகாது'ன்னு நான் ஒரு வருஷம் ஒதுக்கி வெச்சிருந்தேன். தீர்ப்பைத் திறந்ததும், அதைப் பின்னாடி எந்தெந்த வழக்குகளில் மேற்கோள் காட்டினாங்க என்ற பட்டியலுக்குப் போங்க. புதுசா வந்த தீர்ப்புகளையும் அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்பதையும் பாருங்க. இரண்டு பேர் சொன்னதை மூன்று பேர் மாற்றலாம், தலைகீழாக நடக்காது.

சுப்ரீம் கோர்ட்டே 2023 ஜனவரியில் தொடங்கிய 'இ-எஸ்சிஆர்' தளமும் இலவசம். தீர்ப்புகளில் ஒரு பகுதிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்குது. புரிஞ்சுக்க அது போதும். வழக்குக்கு ஆங்கில மூலம்தான் கணக்கு.

பழைய செய்தி வேணும்னா எழும்பூர் கன்னிமாரா நூலகம். சட்டப்படி நாட்டின் வெளியீடுகள் வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒண்ணு, செய்தித்தாள்களும் அதில் அடக்கம். ஆனால், தேதி தெரியாமல் போனால் நாள் முழுக்கத் தூசி தட்டவேண்டியதுதான். தீர்ப்பின் தேதியை முதலில் எடுத்துக்கிட்டுப் போங்க. மறுநாள் பேப்பரில் இருக்கும்.

'இதுக்கு எதுக்கு இவ்வளவு, ஏஐ-கிட்ட கேட்டா சொல்லிடாதா?' நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அப்படித்தான் நினைச்சாங்க. விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த வழக்குகளை அப்படியே மனுவில் சேர்த்தாங்க. அப்படிப்பட்ட வழக்குகளே உலகத்தில் இல்லை! 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். வார்த்தை கண்டுபிடிக்க ஏஐ உதவும். அது சொல்ற வழக்கின் பெயரை மேலே சொன்ன ஏதாவது ஒரு தளத்தில் போட்டு, தீர்ப்பு திறக்குதான்னு பார்த்துட்டு நம்புங்க.

தலைப்புச் செய்தியில் வராத நிபந்தனைகள் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். வினீதா சர்மா தீர்ப்பும் அப்படித்தான். 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே முறைப்படி பாகம் பிரிச்சிருந்தால், அதை இப்போ கலைக்க முடியாது. அதே சமயம், 'அப்பவே வாய்வார்த்தையா பிரிச்சுக்கிட்டோம்' என்று சொன்னால் மட்டும் போதாது. பொது ஆவணங்கள் மூலமா அது நிரூபணமாகிற அபூர்வமான சந்தர்ப்பத்தில்தான் எடுபடும்.

அந்தப் பக்கங்களைப் பிரின்ட் எடுத்துக்கிட்டு அம்மாவும் மகளும் வக்கீலிடம் போனாங்க. அவர் தீர்ப்பைப் பார்த்துத் தலையாட்டிட்டு முதல்ல கேட்டது ஒண்ணுதான். "நிலத்துல பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருக்காம்மா?" அம்மாவுக்குத் தெரியலை. பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கணும். அதுக்கு சர்வே எண் வேணும். அந்த எண் மாமாவிடம்தான் இருக்கு. அம்மா இன்னும் போன் பண்ணலை.