தண்டனையே தகுதியான இடம்: நியூயார்க்கின் கஞ்சா உரிமச் சட்டம்

நியூயார்க் மாநிலத்தில் கஞ்சா விற்பனைக் கடை திறக்க 2022இல் முதன்முதலாக விண்ணப்பித்தவர்கள் ஒரு விந்தையான சான்றை இணைக்க வேண்டியிருந்தது. 2021 மார்ச் 31க்கு முன்பு அம்மாநிலத்தில் தமக்கோ, தம் பெற்றோர், பாதுகாவலர், வாழ்க்கைத்துணை, பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கோ கஞ்சா வழக்கில் தண்டனை விதிக்கப்பட்டதற்கான சான்று அது. உரிமச் சட்டங்கள் முன்தண்டனையைத் தகுதியிழப்பாகக் கருதுவதே வழக்கம். இங்கு அதுவே தகுதியாயிற்று.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய சட்டத்தில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ கையெழுத்திட்ட நாள்தான் அந்தத் தேதி. கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்தியபோதும், கறுப்பர் கைதாகும் வாய்ப்பு நாடளவில் 3.64 மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2020இல் கணக்கிட்டிருந்தது. அநீதியின் இந்த வரலாற்றைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பழைய தண்டனைப் பதிவுகளை அழிக்க வகைசெய்தது. வரி வருவாயில் 40 விழுக்காட்டைச் சமூக மறுமுதலீட்டு நிதிக்கு ஒதுக்கியது. கடும் காவல் நடவடிக்கைக்கு ஆளான பகுதியினர், சிறுபான்மையினர், பெண்கள், நலிந்த உழவர்கள், பணியில் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு உரிமங்களில் 50 விழுக்காட்டை இலக்காக வைத்தது. இலக்கு என்ற சொல்லைச் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். அது ஒதுக்கீடு அன்று.

தண்டனைச் சான்றுடன் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. விண்ணப்பதாரர் குறைந்தது ஈராண்டுகள் நிகர இலாபம் ஈட்டிய ஒரு தொழிலில் 10 விழுக்காட்டுப் பங்காவது வைத்திருந்திருக்க வேண்டும். கைதுப் பதிவால் வேலையும் கடனும் மறுக்கப்பட்டவரிடம் இலாபக் கணக்கு கேட்கும் இந்த விதி, காயம்பட்டோரில் ஓரளவு மீண்டெழுந்தவரை மட்டுமே உள்ளே விட்டது. விண்ணப்பக் கட்டணம் 2,000 டாலர், திரும்பக் கிடைக்காது.

இடம் தேடுவது அடுத்த இடர். பள்ளி வளாகத்திலிருந்து 500 அடிக்குள்ளும் வழிபாட்டு இல்லத்திலிருந்து 200 அடிக்குள்ளும் கடை கூடாது. 2025 ஜூலையில், பள்ளித் தொலைவை வளாக எல்லையிலிருந்து அளக்காமல் வாயிலிலிருந்து அளந்துவிட்டதாக ஒழுங்குமுறை அலுவலகமே ஒப்புக்கொண்டது. தவறு அலுவலகத்துடையது, நிம்மதி இழந்தவர்களோ நூற்றுக்கும் மேற்பட்ட உரிமதாரர்கள்.

பணம்தான் எல்லாவற்றினும் பெரிய தடை. இந்த உரிமங்கள் வழங்கப்பட்ட காலத்தில் கூட்டாட்சிச் சட்டத்தின்படி கஞ்சா முதல் அட்டவணைப் போதைப்பொருள். ஆகவே பெரும்பாலான வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. வரிச் சட்டத்தின் 280ஈ பிரிவு, வாடகை, கூலி போன்ற வழக்கமான செலவுகளைக் கழிக்கவும் இடம் தரவில்லை. மாநிலம் அறிவித்த 20 கோடி டாலர் சமத்துவ நிதியிலும் 15 கோடி தனியார் முதலீடாகத் திட்டமிடப்பட்டது. நம் ஊரில் பட்டியலினத்தவர் பெயரில் பெற்ற பெட்ரோல் நிலையத்தை வேறொருவர் நடத்துவதைக் கண்டவர்களுக்கு இதன் ஆபத்து விளங்கும். அதைத் தடுக்கவே சமத்துவ விண்ணப்பதாரரிடம் 51 விழுக்காட்டு உடைமையும் கட்டுப்பாடும் இருக்க வேண்டும் என்றும், இலாபத்தில் பங்கு பெறும் ஒவ்வொருவரையும் வெளிப்படுத்த வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. பினாமியை எதிர்கொள்ள இது நல்ல வரைவு. ஆனால் மூலதனம் வேறிடத்தில் இருக்கும்போது காகிதத்திலுள்ள 51 எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி.

முதல் 36 உரிமங்கள் 2022 நவம்பரில் வழங்கப்பட்டன. 2023 ஆகஸ்டில், முன்னாள் படைவீரர் நால்வர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்திவைத்தது. சட்டம் பெயர் சுட்டிய பிரிவினரைப் பின்தள்ளி, தண்டனை பெற்றோரை முன்வைக்க ஒழுங்குமுறை வாரியத்துக்கு அதிகாரமில்லை என்பது அவர்கள் வாதம். நவம்பரில் சமரசம் ஏற்படும்வரை கடைக்கு இடம் பிடித்திருந்த பலர் விற்பனையின்றிச் செலவைச் சுமந்தனர். முன்னுரிமையை நிர்வாக விதியில் வைக்காமல் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திராது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் முழுத் தடையன்று. 10ஆம் பிரிவு மாநிலங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தைத் தருகிறது. 14ஆம் பிரிவு நார், விதை ஆகியவற்றுக்கான சாகுபடிக்கு இடமளிக்கிறது. உத்தரகாண்ட் 2018இல் அவ்வழியில் உரிமம் வழங்கத் தொடங்கியது. பூக்கும் நுனி சேராத இலையும் விதையும் கஞ்சாவின் வரையறைக்குள் வராததால், வட மாநிலங்கள் சிலவற்றில் பாங்கு அரசு உரிமத்துடனேயே விற்கப்படுகிறது. முன்தண்டனை பெற்றவரைப் பற்றி அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு பேசுகிறது: மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பானால், அவருக்கான உச்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும்.