மேடை மானிட்டர் ஒலிபெருக்கி

பாடகரும் வாத்தியக் கலைஞரும் தம் ஒலியைத் தாமே கேட்பதற்காக, பார்வையாளர் பக்கம் அல்லாமல் மேடையை நோக்கி வைக்கப்படும் ஒலிபெருக்கி. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பாடிய பீட்டில்ஸ் குழுவுக்கு இந்த வசதி இல்லை. ரசிகர்களின் கூச்சலில் தங்கள் பாட்டே அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. 1970களில் இந்த ஒலிபெருக்கி பெரிய மேடைகளில் வழக்கமாயிற்று.

பரவலான வகை 'வெட்ஜ்'. தரையில் சாய்ந்து கிடக்கும் ஆப்பு வடிவப் பெட்டி. பார்வையாளரின் கண்ணை மறைக்காத உயரம். உள்ளே பெரும்பாலும் தாழ்ந்த ஒலிக்கு 12 அல்லது 15 அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஹார்ன் பொருத்திய கம்ப்ரெஷன் டிரைவர், ஒலியை இவ்விரண்டுக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர். பெட்டிக்குப் பிர்ச் பிளைவுட்டே ஏற்றது. எம்.டி.எஃப் பலகை கனமானது, ஈரத்தில் உப்பும், லாரிப் பயணத்தில் மூலை உடையும்.

வடிவமைப்பாளருக்கு முதல் எதிரி ஃபீட்பேக். பெட்டியின் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, திரும்பத் திரும்பச் சுற்றி வீறிடும். எந்த அதிர்வெண்ணில் ஒலி துருத்தி நிற்கிறதோ அங்கேதான் முதலில் கூவும். ஆகவே சும்மா சத்தம் கூடிய பெட்டியைவிட, எல்லா அதிர்வெண்ணிலும் மேடுபள்ளமின்றி ஒலிக்கும் பெட்டியே சிறந்தது. வூஃபரும் ஹார்னும் தள்ளியிருந்தால், பாடகர் நகரும்போது இரண்டின் ஒலியும் முன்பின்னாக வந்து தேய்ந்துபோகும். இரண்டையும் ஒரே அச்சில் அமைக்கும் கோஆக்சியல் டிரைவர் இதற்குத் தீர்வு. ஆழ்ந்த பேஸ் தேவையில்லை. தரையே அதைக் கூட்டிவிடும்.

ஃபீட்பேக்கைத் தவிர்க்க, மைக் குறைவாகக் கேட்கும் திசையில் வெட்ஜை வைக்க வேண்டும்: முன்பக்க ஒலியையே முதன்மையாக ஏற்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னாலும், அதைவிடக் குறுகலாக ஏற்கும் சூப்பர்கார்டியாய்டுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டிலும். காதுக்குள் அணியும் மானிட்டர்கள் வந்தபின் இதன் தேவை குறைந்தாலும், பல குழுக்கள் மாறி மாறி ஏறும் மேடைகளில் வெட்ஜே இன்றும் வசதி.